நகரம் இறக்கிவிடும் உயிர்கள்

2025 பிப்ரவரியில் புனேயின் ஹடப்சர் பகுதியிலிருந்து கிளம்பிய ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒரே வீட்டுக்குள் 300-க்கும் மேற்பட்ட பூனைகள். நாற்றமும் இரைச்சலும் தாங்கவில்லை என்று அங்கு குடியிருந்தவர்கள் முறையிட, அதிகாரிகள் நேரில் பார்த்துவிட்டுப் பூனைகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்கள். படித்தவர்களில் பலர் சிரித்திருப்பார்கள். தெருவில் கிடக்கும் குட்டியைத் தூக்கி வந்து பாலூட்டிப் பழகியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

நான்கைந்து மாதமான பெட்டைப் பூனை சினையாகிவிடும். இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஒரே ஆண்டில் மூன்று ஈற்றுகூட நடக்கும். ‘இந்த ஒன்றை மட்டும்’ என்று கதவைத் திறந்த வீடு, கருத்தடைக்கு வழியில்லாமலும் குட்டிகளை வாங்கிக்கொள்ள ஆளில்லாமலும் ஐந்தாறு ஆண்டுகள் ஓடினால் எங்கே போய் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இரக்கமில்லாத மனிதர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இரக்கப்பட்டவர் தனியாளாக விடப்பட்டால் என்ன ஆகும் என்பதை எழுதியது குறைவு. அதை எழுத வேண்டும் என்றுதான் ஹடப்சரிலிருந்து தொடங்குகிறேன்.

வயல் இருந்த இடம்

மகர்பட்டா சிட்டி இருப்பதும் இதே ஹடப்சரில்தான். புனேக்கு ஐடி வேலைக்குப் போன தமிழர்கள் எல்லாரும் அறிந்த பெயர். இன்று அடுக்ககங்களும் பூங்காவும் சைபர்சிட்டியும் நிற்கும் அந்த 400-க்கும் மேற்பட்ட ஏக்கர், முப்பது ஆண்டுகளுக்கு முன் விவசாய நிலம். நிலத்தை விற்றுவிட்டு ஒதுங்காமல் சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் சதீஷ் மகரின் தலைமையில் ஒன்றுசேர்ந்து, அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குதாரர்களாகி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கிய நகரம் அது. உழவர்களைத் துரத்தாமல் ஒரு நகரத்தை எழுப்ப முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக நாடெங்கும் அதைச் சொல்கிறார்கள். தகுதியான பாராட்டு.

ஆனால் எந்த வயலிலும் மனிதர்கள் மட்டும் வாழ்ந்ததில்லை. களத்தையும் மாட்டுக்கொட்டிலையும் காத்துக் கிடந்த நாய்களும், தானியக் குதிர்களைச் சுற்றி எலி பிடித்த பூனைகளும் இருந்தன. நம் நாட்டில் எந்த நகர வரைபடமும் அவற்றுக்கு இடம் ஒதுக்கியதில்லை. புனே மாநகராட்சி 2017-இல் 11 கிராமங்களையும் 2021-இல் 23 கிராமங்களையும் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் எல்லை நகரும்போது, நேற்று ஒரு வீட்டு வாசலில் சோறு தின்ற நாய் இன்று யாருக்கும் சொந்தமில்லாததாகிறது.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, இந்தியா முழுவதும் 1.53 கோடி தெருநாய்கள் இருப்பதாகச் சொன்னது. மகாராஷ்டிரத்தில் மட்டும் 12.76 லட்சம். தமிழ்நாட்டில் 4.4 லட்சம். இந்த எண்ணிக்கையில் தெருவிலேயே பிறந்தவையும் உண்டு, வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்தவையும் உண்டு. நான் இங்கே பேச விரும்புவது இரண்டாவது வகையைப் பற்றி.

மகர்பட்டாவிலிருந்து சோலாப்பூர் சாலையில் கிழக்கே போனால் மாஞ்சரி, லோணி காள்போர், உருளி காஞ்சன், யவத் என்று ஊர்கள் வரும். தெற்கே திவே காட் மலைப்பாதை ஏறினால் சாஸ்வட், அதைத் தாண்டி ஜெஜுரி. பெருநகரங்களின் விளிம்பில் இருக்கும் இப்படிப்பட்ட சாலைகளுக்கு ஒரு பொதுத் துயரம் உண்டு. இரவில் கார் ஒன்று நிற்கும். பின்கதவு திறக்கும். லாப்ரடாரோ ஷிட்சூவோ இறங்கும். கதவு மூடும். அந்த நாய் காரின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு இறக்கிவிட்ட இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். நாட்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும் நாய்களைப் பற்றி, மீட்புப் பணியில் இருப்பவர்கள் எந்த ஊரிலும் சொல்வார்கள்.

காரணங்களும் எங்கும் ஒன்றுதான். வேலை மாற்றம், வெளிநாட்டுப் பயணம், வீட்டில் புதிதாகக் குழந்தை, வாடகை வீட்டுக்காரரின் மறுப்பு, மருந்துச் செலவு. உண்ணிக் காய்ச்சலுக்கு வாரக்கணக்கில் மாத்திரை தர வேண்டும். சொறி பிடித்த நாயின் முடி கொட்டி, வீடு நாறும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பெட்டை நாய் வயதாகிவிட்டால் விற்பவருக்கு அது சுமை. நாய்க்குட்டி விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. செல்போன் வழியே குட்டி வாங்குகிற எத்தனை பேர் பதிவுச் சான்றிதழைக் கேட்டிருப்போம்?

கிராமத்தில் இறக்கிவிட்டால் எங்காவது பிழைத்துக்கொள்ளும் என்று காரோட்டி தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். பிழைக்காது. ஊர் நாய்களுக்கு எல்லை உண்டு. புதிதாக வந்ததைக் கடித்து விரட்டும். ஏசி அறையில் வளர்ந்த நாய்க்கு லாரியின் வேகம் தெரியாது. புனே மாவட்டத்தின் கரும்புக் காடுகளில் சிறுத்தையும் இருக்கிறது. அப்போது அகமதுநகர் என்றழைக்கப்பட்ட மாவட்டத்தின் அகோலே பகுதியில் வித்யா ஆத்ரேயாவும் உடனிருந்தவர்களும் நடத்திய ஆய்வில், சிறுத்தைகள் தின்ற இரையின் எடையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள் என்று தெரிந்தது. நாய்கள் மட்டுமே 39 விழுக்காடு. நகரத்தார் ஊர் எல்லையில் விடும் நாய் சிறுத்தைக்கு எளிய இரை. நாயைத் தேடி வரும் சிறுத்தை, நாய் படுத்திருக்கும் வீட்டு முற்றம் வரை வருகிறது. 2025 அக்டோபரிலும் நவம்பரிலும் சிரூர் வட்டத்தின் பிம்பர்கேட் பகுதியில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் உட்பட உயிர்கள் போயின. அந்தச் சாவுகளுக்குக் காரணங்கள் பல. நகரத்து நாயைக் கிராமத்தின் தலையில் கட்டுவது அந்த ஆபத்தைக் குறைக்காது என்பது மட்டும் உறுதி.

ஐம்பது ரூபாய்

வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவில் அதைச் சொல்கிறது. அந்தச் சட்டம் வரக் காரணமானவர் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். சென்னைப் பெண்மணி ஒருவரின் மனம் இந்திய அரசையே அசைத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அவர் பெற்றுத்தந்த சட்டத்தை நாம் வைத்திருக்கும் கதிதான் வேதனை. முதல் முறை குற்றத்துக்கான அபராதம் அன்று அதிகபட்சம் ஐம்பது ரூபாய். இன்றும் அதே ஐம்பதுதான் உச்சம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனை அரசுகள் வந்து போயின! ஒரு தேநீரும் வடையும் வாங்கும் பணத்துக்கு ஓர் உயிரைச் சாலையில் விட்டுவிட்டுப் போகலாம்.

சட்டத்தை விடவும் பெரிய இடைவெளி மருத்துவத்தில் இருக்கிறது. மகர்பட்டாவைச் சுற்றி நாய், பூனைகளுக்கான தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் கிடைக்கும். முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் கிராமத்தில் இருப்பது அரசின் கால்நடை மருந்தகம். அங்கே ஒரு மருத்துவர் பல ஊர்களைப் பார்க்கிறார். மாட்டுக்குச் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து என்று அவர் நாள் போய்விடும். கறவை மாடு குடும்பத்தின் வருமானம் என்பதால் அதற்கு முன்னுரிமை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கால் ஒடிந்த நாய்க்கும், பார்வோ வந்து இரத்தக் கழிச்சலில் சுருண்டு கிடக்கும் குட்டிக்கும் அங்கே பெரும்பாலும் மருந்தும் இருக்காது, படுக்க வைக்க இடமும் இருக்காது. புனேயிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில், சாத்தாரா மாவட்டத்து ஷிர்வலில், அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது. மாணவர்கள் கை பழகும் அறுவை மேசையும் சுற்றிலும் கிராமங்களும் இருக்கும் இடம் அது. இப்படிப்பட்ட கல்லூரிகள் ஒவ்வொன்றும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கருத்தடை முகாம் நடத்துவதைப் பாடத்தின் பகுதியாகவே ஆக்கினால் என்ன?

நாயைப் போற்றாத ஊர்களா இவை? ஜெஜுரியில் வீற்றிருக்கும் கண்டோபாவுக்கு நாய் துணை. அவருக்கு நேர்ந்துகொண்ட வாக்யா என்னும் அடியார்கள் தங்களை ஆண்டவனின் நாய்களாகவே பாவித்துக் குரைப்பது அந்த வழிபாட்டின் மரபு. நமக்கோ பைரவர் இருக்கிறார். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்திலேயே மானுக்கும் காக்கைக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். பக்திக்குக் குறைவில்லை. அந்தப் பக்தி ஊசியாகவும் மருந்தாகவும் மாறவில்லை.

மாற்றிக் காட்டியவர்கள்

புனேயில் நேஹா பஞ்சமியா 2007-இல் தொடங்கிய ரெஸ்க்யூ அறக்கட்டளையின் வேலைமுறை எனக்குப் பிடிக்கும். அடிபட்ட விலங்கைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு காப்பகத்துக்குப் போவதுதான் நம் பழக்கம். அங்கே இடம் நிறைந்துவிடும். நெருக்கடியில் ஒரு நாயின் டிஸ்டெம்பர் எல்லா நாய்க்கும் தொற்றும். ரெஸ்க்யூ அமைப்பினர், முடிந்தவரை விலங்கு இருக்கும் இடத்துக்கே போய் மருத்துவம் செய்வதை ஒரு முறையாக வளர்த்தார்கள். புழு வைத்த புண்ணைக் கழுவி, புழுவை எடுத்து, மருந்திட்டு, அடுத்த நாட்களில் யார் பார்த்துக்கொள்வது என்று அந்தத் தெருக்காரரிடமே ஒப்படைப்பது. உண்மையிலேயே உள்ளே சேர்க்க வேண்டியதை மட்டும் சேர்ப்பது. மகர்பட்டாவுக்கு அடுத்த முண்ட்வாவில் புனே புளூ கிராஸ் சங்கத்தின் காப்பகம் இருக்கிறது. இப்படி நகரத்தில் சில கதவுகளாவது உண்டு.

புளூ கிராஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சென்னை. விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் கொன்றும் நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. கொன்றால் வெற்றிடம் உண்டாகும், அங்கே வேறு நாய் வரும். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விட்டால்தான் பலன் என்று புளூ கிராஸ் 1964 முதல் சொல்லிவந்தது. சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா அதைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். மாநகராட்சி இறங்கிவர 1996 ஆனது. 2001-இல் அது நாட்டின் விதியானது; 2023-இல் புதிய விதிகள் வந்தன. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முதலில் தில்லி வட்டாரத்து நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, 11 நாளில் அதைத் திருத்தி, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னபோதும், விவாதத்தின் நடுவில் நின்றது சென்னையில் பிறந்த அந்த யோசனைதான். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று வந்த ஆணை, காப்பகங்களின் சுமையை இன்னும் கூட்டியிருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் நகரத்தின் கதை. கிராமத்துக்கு எது பொருந்தும் என்பதற்கு நான் நீலகிரியைக் காட்டுவேன். முதுமலைக் காட்டோரம், மசினகுடிக்கு அருகே, நைஜல் ஆட்டரும் கால்நடை மருத்துவரான இலோனா ஆட்டரும் நடத்திய ‘இந்தியா ப்ராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்’ அமைப்பின் பண்ணையில் கைவிடப்பட்ட கழுதைக்கும் குதிரைக்கும் நாய்க்கும் இடம் கிடைத்தது. சுற்றுவட்டார மக்களின் மாடுகளுக்கும் அங்கே மருத்துவம் உண்டு. கிராமத்தின் நம்பிக்கையைப் பெறும் வழி இதுதான் என்பது என் கணிப்பு. ஊர்க்காரர்கள், தங்கள் பசுவைக் காப்பாற்றும் மருத்துவர் சொன்னால்தான் நாய்க்குத் தடுப்பூசி போடக் கூட்டிவருவார்கள். ‘வேர்ல்டுவைட் வெட்டினரி சர்வீஸ்’ ஊட்டியில் வைத்திருக்கும் பயிற்சி மையத்தில் கருத்தடை அறுவையை விரைவாகவும் நோவு குறைவாகவும் செய்ய மருத்துவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். காட்டோரத்தில் நாய்க்குத் தடுப்பூசி போடுவது காட்டுக்கும் பாதுகாப்பு. 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் கிருமியை அவற்றின் உடலில் கண்டுபிடித்தார்கள்.

இதைப் பெரிய அளவில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கோவா பதில் சொல்லியிருக்கிறது. ‘மிஷன் ரேபிஸ்’ இயக்கமும் மாநில அரசும் சேர்ந்து ஊர் ஊராக, தெருத் தெருவாக வலையோடு போய், ஆண்டுக்கு சுமார் 95,000 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாய்க்கடி பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். மனிதர்களில் வெறிநோய்ச் சாவு நின்றது. நாய்களில் நோய் 92 விழுக்காடு குறைந்ததை 2022-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. இந்தியாவில் இன்னும் ஆண்டுக்கு 5,700-க்கு மேல் வெறிநோய்ச் சாவுகள் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீடு. நூற்றில் எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். நாய் கடித்தால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதைக்கூட நம் கிராமங்களில் பலருக்கு யாரும் சொல்லவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

ஒரு வீடு, ஒரு மூலை

காப்பகம் கட்டினால் எல்லாம் தீரும் என்று நினைக்கிறோம். கூண்டுகள் நிறைந்ததும் அதுவும் நெரிசலாகும். மீட்ட விலங்குக்கும் அதன் நிரந்தர வீட்டுக்கும் நடுவில் தேவைப்படுவது, சில வாரத்துக்கு ஒரு வீட்டின் மூலை. ஃபாஸ்டர் என்று மீட்புக்காரர்கள் சொல்வது இதைத்தான். மகர்பட்டா போன்ற இடங்களில் இருப்பவர்கள் கிராமத்து மீட்புக்காரருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவியும் இதுவே. கிராமத்தில் மீட்பவரிடம் மனமும் இடமும் இருக்கிறது, மருத்துவர் இல்லை. நகரத்தில் மருத்துவர் இருக்கிறார். அறுவை முடிந்த நாய் தையல் காயும் வரை நகரத்தில் தங்க இடம் வேண்டும்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். புதிதாக வந்த குட்டியை வீட்டு நாய், பூனையோடு சேர்க்காமல் தனியறையில் இரண்டு வாரமாவது வையுங்கள். பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; அந்த நோயில் குட்டி செத்த இடத்துக்குத் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவரக் கூடாது. கண் திறக்காத பூனைக்குட்டிக்குப் பசும்பால் வேண்டாம், கழிச்சல் கண்டுவிடும். கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்மாவை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டும். முதலில் உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் பால். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு ஊட்டினால் செரிக்காது. ஊட்டியதும் ஈரத் துணியால் அடிவயிற்றை வருடிவிட்டால்தான் சிறுநீர் போகும், தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக. புழு வைத்த புண்ணில் டர்பன்டைனை ஊற்றாதீர்கள். அது புழுவை வெளியேற்றும், சதையையும் பொசுக்கும். பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. காய்ச்சல் என்று நாமாக எதையும் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ‘இனி முடியாது’ என்று சொல்லத் தெரிவது. உங்கள் வீட்டில் இரண்டுக்குத்தான் இடம் என்றால் இரண்டோடு நிற்க வேண்டும். ஒன்று நல்ல வீட்டுக்குப் போன பிறகு அடுத்தது. தத்துக் கொடுக்கும்போது கருத்தடைக்குப் பொறுப்பேற்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். குட்டி பெரிதாகும் வரை விசாரியுங்கள். முடியாது என்று சொல்பவரைக் கல்நெஞ்சம் என்று திட்டும் வழக்கத்தை விலங்கு நேயர்கள் கைவிட வேண்டும். அளவோடு செய்பவர்தான் பத்து ஆண்டு கழித்தும் செய்துகொண்டிருப்பார்.

அரசுகளிடம் கேட்க வேண்டியது மூன்றே. கைவிடுவதற்கான அபராதம் கைவிடுபவருக்கு வலிக்கும் தொகையாக வேண்டும். கால்நடைகளுக்காக 1962 என்ற எண்ணில் இயங்கும் நடமாடும் மருத்துவ வண்டிகள் நாய், பூனைகளுக்கான தடுப்பூசியையும் முதலுதவி மருந்தையும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கருத்தடைக்கான நிதி மாநகராட்சியோடு நிற்காமல் ஊராட்சிக்கும் போக வேண்டும்.

நகரத்தில் இருக்கும் உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. ஊருக்குப் போகும் வழியில் உங்கள் நாயை இறக்கிவிட நினைத்தால், அதற்கு முன் ஒரு மீட்பு அமைப்பை அழைத்துப் பேசுங்கள். வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள். அறுவை முடிந்த ஒரு கிராமத்து நாய்க்கு மூன்று வாரம் இடம் தர முடியுமா என்று இன்று இரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள்.